கம்ப்யூட்டருக்குள் ஒரு பூட்டு! சாவி யார் கையில்?
மலை ஆபீஸ்களில் தினமும் நடக்கும் மல்லுக்கட்டு

கொடைக்கானல்,

மலைக்கு ஏற பாஸ் கேட்டார்கள். ஊரே அதைப்பற்றி பேசியது.

2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு எண்ணிக்கையும் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வாரநாளில் 4 ஆயிரம் வண்டி, சனி ஞாயிறு 6 ஆயிரம் வண்டி, அதற்குமேல் கூடாது என்றது கோர்ட்டு. உள்ளூர் வண்டிக்கும் பஸ்சுக்கும் விலக்கு. கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். டீக்கடையில் விவாதம் நடந்தது.

ஆனால் மலைமேல் இருக்கும் ஆபீஸ்களில் இன்னொரு செக்போஸ்ட் ரொம்ப நாளாகவே இருக்கிறது. அதற்கு கோர்ட்டு உத்தரவு இல்லை. போலீஸ் இல்லை. கம்பிக்கதவும் இல்லை. அது மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கிறது!

காலையில் ஆபீசுக்கு வருகிறார் ஒரு கிளார்க். கம்ப்யூட்டரில் மணி தப்பாக ஓடுகிறது. திருத்தலாம் என்று போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. பிரிண்டரை மாற்றலாம் என்றால் பாஸ்வேர்டு. தமிழில் டைப் அடிக்க ஒரு சாப்ட்வேர் போடலாம் என்றால் அதற்கும் பாஸ்வேர்டு. "உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியை கேளுங்கள்" என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

"20 வருஷம் சர்வீஸ் போட்டவன் நான். எனக்கே அனுமதி இல்லையா?" என்று கோபம் வரத்தான் செய்யும்.

இந்த பூட்டை யார் போட்டது? எதற்காக போட்டார்கள்? அதன் விவரம் வருமாறு:-

லாட்ஜு மாதிரி

கொடைக்கானல்காரர்களுக்கு இதை சுலபமாக சொல்லிவிடலாம். லாட்ஜில் ரூம் எடுத்தவருக்கு ஒரு சாவி கொடுக்கிறார்கள். அவர் லைட் போடலாம். வெந்நீர் திறக்கலாம். கட்டிலில் படுக்கலாம். ஆனால் மெயின் சுவிட்ச் பெட்டியை திறக்க முடியாது. பக்கத்து ரூமை திறக்க முடியாது. எல்லா ரூமுக்கும் பொருந்தும் சாவி மானேஜரிடம்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரிலும் அப்படியே இரண்டு வகை ஆட்கள். ஒருவர் சாதா ஆள். இன்னொருவர் நிர்வாகி. சாதா ஆள் கடிதம் அடிக்கலாம், கணக்கு போடலாம், பிரிண்ட் எடுக்கலாம். தேதி, நெட்வொர்க், புது சாப்ட்வேர், வைரஸ் தடுப்பு, ஆட்களை சேர்ப்பது நீக்குவது, இதெல்லாம் நிர்வாகியின் வேலை.

முன்பு இப்படி இல்லை. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டிலும் சின்ன ஆபீசிலும் உட்கார்ந்தவர் எல்லாம் ராஜா. கம்ப்யூட்டரை திறந்தால் நேராக நிர்வாகிதான். அதனால் ஒரு வைரஸ் நுழைந்தால் அதுவும் ராஜா ஆகிவிடும்! ஆள் செய்யக்கூடியதை எல்லாம் அவர் பெயரில் வைரசும் செய்யும். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான் "இதை செய்யட்டுமா?" என்று கேட்கும் பழக்கம் வந்தது. கேட்டு கேட்டு ஜனங்களுக்கு எரிச்சல் மூட்டியது. படிக்காமலே "சரி, சரி" என்று அமுக்கியவர்கள்தான் அதிகம்.

பத்து, ஐம்பது கம்ப்யூட்டர்களை ஒன்றாக கோர்த்த ஆபீசில் ஒவ்வொன்றாக போய் பூட்டு போட வேண்டியதில்லை. ஒரு சர்வரில் உட்கார்ந்து விதி எழுதினால் போதும். கண்ட்ரோல் பேனல் திறக்கக்கூடாது, பென் டிரைவ் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டால், எல்லா கம்ப்யூட்டரும் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்வரிடம் கேட்டு, விதி மாறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். சென்னையில் எழுதிய விதி மூஞ்சிக்கல்லில் இருக்கும் கிளை ஆபீசில் அன்றே அமலுக்கு வந்துவிடும். மலைக்கு யாரும் ஏறி வரவேண்டியதில்லை. இ-பாசும் வேண்டாம்!

கும்பகோணம் பிரிண்டர்

"ஒரு பிரிண்டர் செட்டிங்கை மாற்றினால் என்ன குடியா முழுகிப்போகும்?" என்று கேட்கலாம்.

கும்பகோணத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது!

1904-ல் தொடங்கிய பழைய பாங்கி சிட்டி யூனியன் பாங்கி. வெளிநாட்டுக்கு பணம் அனுப்ப உலகத்தில் உள்ள பாங்கிகள் எல்லாம் 'ஸ்விப்ட்' என்ற நெட்வொர்க்கை பயன்படுத்துகின்றன. எந்த பாங்கிக்கு எவ்வளவு என்று செய்தி போகும். போய்ச் சேர்ந்தது என்று பதில் வரும். அந்த பதில் பிரிண்டரில் அச்சாகி வெளியே விழும்.

2018 பிப்ரவரி 6-ந் தேதி அந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை.

பிரிண்டர் மக்கர் செய்வது எந்த ஆபீசில் அதிசயம்? மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். மறுநாள் 7-ந் தேதி கணக்கை ஒத்துப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. பாங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் பாங்கியின் பெயரில் போயிருந்தன!

ஒன்று, நியூயார்க் வழியாக துபாய்க்கு 5 லட்சம் டாலர். இன்னொன்று, ஜெர்மனியில் பிராங்பர்ட் வழியாக துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. மூன்றாவது, நியூயார்க் வழியாக சீனாவுக்கு 10 லட்சம் டாலர். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர்.

துபாய் பணம் உடனே தடுக்கப்பட்டு திரும்பியது. துருக்கியிலும் பணத்தை முடக்கிவிட்டார்கள். சீனாவுக்கு போனதை மட்டும் அங்கே ஒருவர் போலி ஆவணம் காட்டி உரிமை கொண்டாடினார்.

கம்ப்யூட்டர் திருடர்கள் உள்ளே நுழைந்து, பதில் வந்து விழக்கூடாது என்று பிரிண்டரையே செயலிழக்கச் செய்துவிட்டார்கள் என்று பாங்கியின் தலைமை அதிகாரி காமகோடி பிறகு தெரிவித்தார். திருடன் வருவதற்கு முன் நாய்க்கு பிஸ்கட் போடுவான் என்பார்கள். இங்கே பிரிண்டரின் வாயை கட்டினார்கள்.

இதற்கு சரியாக இரண்டு வருஷத்துக்கு முன், 2016 பிப்ரவரியில், டாக்காவில் வங்கதேச மத்திய பாங்கியில் நடந்ததும் இதே கதை. அங்கேயும் பிரிண்டர் படுத்துக்கொண்டது. நியூயார்க்கில் இருந்த அந்த நாட்டு பணத்தில் 95 கோடி டாலரை தூக்க 35 உத்தரவுகள் பறந்தன. பெரும்பகுதி நின்றுபோனது. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்கு போயேவிட்டது. இலங்கைக்கு போன 2 கோடி டாலர் தப்பியது எதனால் தெரியுமா? பணம் வாங்கும் அறக்கட்டளையின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல்லை திருடர்கள் எழுத்துப்பிழையோடு அடித்துவிட்டார்கள். வழியில் இருந்த பாங்கி சந்தேகப்பட்டு கேள்வி கேட்டது. ஸ்பெல்லிங் தெரியாத திருடனால் பிழைத்தது இரண்டு கோடி டாலர்!

விலாசம் மாறினால்

பிரிண்டராவது கண்ணுக்கு தெரியும். கண்ணுக்கே தெரியாத செட்டிங்கும் உண்டு.

இணையதளத்தின் பெயரை அடித்தால் அதன் விலாசம் எது என்று கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் கேட்கும். யாரிடம் கேட்பது என்பது ஒரு செட்டிங். ஒரே ஒரு எண். 2007-ல் இருந்து எஸ்தோனியா நாட்டு கும்பல் ஒன்று வைரஸ் மூலம் அந்த எண்ணை மட்டும் மாற்றியது. 100 நாடுகளில் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள்! ஒரு கடையை கேட்டால் இன்னொரு கடைக்கு கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் மாதிரி, கேட்ட தளத்தை விட்டு கும்பல் காட்டிய தளத்துக்கு போயின. விளம்பர மோசடியில் குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர் சம்பாதித்தார்கள். 2011 நவம்பரில் அமெரிக்க எப்.பி.ஐ. அந்த கும்பலை வளைத்தது. அதற்கு பிறகும் எட்டு மாதம், 2012 ஜூலை 9-ந் தேதி வரை, வேறு கம்ப்யூட்டர்களை அந்த இடத்தில் நிறுத்தி வைத்து சமாளிக்க வேண்டியதாயிற்று. திடீரென்று நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையமே கிடைக்காமல் போயிருக்கும்.

கூடங்குளத்திலும்

தமிழ்நாட்டில் இன்னொரு சம்பவம் நாட்டையே உலுக்கியது. 2019 அக்டோபரில், கூடங்குளம் அணுமின் நிலைய கம்ப்யூட்டரில் வைரஸ் என்று செய்தி பரவியது. 29-ந் தேதி நிலைய தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் உண்மைதான் என்று அறிக்கை விட்டது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், செப்டம்பர் 4-ந் தேதியே அதை கவனித்து தகவல் சொல்லி இருந்தது.

பாதிக்கப்பட்டது உலையை ஓட்டும் கம்ப்யூட்டர் அல்ல. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்ந்திருந்த ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர். இரண்டு நெட்வொர்க்கும் தனித்தனி என்று கழகம் விளக்கியது. நடுவில் சுவர் இருந்ததால் நாடு பெருமூச்சு விட்டது.

சுவர் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பர் 23-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி பார்த்தது. ஐந்து சர்வர்கள் முடங்கின. நோயாளிகள் சீட்டும் ரிப்போர்ட்டும் நாள்கணக்கில் பேனாவால் எழுதப்பட்டன. நெட்வொர்க்கை சரியாக பிரித்து வைக்காததே காரணம் என்று பாராளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. அதற்கு முந்தின ஆண்டு, 2021 செப்டம்பரில், நம்ம ஊர் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறை கம்ப்யூட்டர்களையும் பூட்டிவிட்டு 1,950 டாலர் கேட்டார்கள். விலை என்னவோ மலிவுதான்!

சாவியை கொடுத்தால்?

ஆனால் பூட்டு மட்டும் இருந்தால் போதாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு ரூ.6 ஆயிரம் கொடுக்கும் பி.எம். கிசான் திட்டத்தில் 2020-ல் தமிழ்நாட்டில் வெடித்த மோசடியை மறந்திருக்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் விவசாயி ஆனார்கள். அந்த ஆகஸ்டு மாதத்தில் மட்டும் சுமார் 5½ லட்சம் பேர் தகுதி இல்லாமல் சேர்ந்தார்கள் என்று கணக்கு சொன்னார்கள். போன பணம் ரூ.110 கோடி.

யாரும் சர்வரை உடைக்கவில்லை. அதிகாரிகளுக்கு கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் தற்காலிக ஊழியர் கைக்கும், அங்கிருந்து புரோக்கர் கைக்கும், தனியார் கம்ப்யூட்டர் சென்டருக்கும் போயிருந்தன. கதவை சாவி போட்டே திறந்தார்கள்! செப்டம்பரில் 80 ஒப்பந்த ஊழியர்கள் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள். 34 பேர் சஸ்பெண்ட். புரோக்கர்கள் 18 பேர் கைதானார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது.

"கொஞ்சம் நீயே போட்டுரு தம்பி, பாஸ்வேர்டு அந்த பேப்பர்ல இருக்கு" என்று ஒரு வார்த்தை. அதன் விலை வேலை!

டெலிபோனில் வரும் சாவி

சாவி ஏன் கைமாறுகிறது? எல்லாரும் திருடர்கள் என்பதால் அல்ல. வேலை நடக்கவேண்டுமே என்ற அவசரத்தால்தான். பூட்டு போடுகிறவர்கள் இதை ஒத்துக்கொள்வது இல்லை.

கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட தலைநகர் திண்டுக்கல். நூறு கிலோமீட்டருக்கு கொஞ்சம் குறைவு. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஏறி வர பஸ்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல். மழையில் மரம் சாய்ந்தால் அன்றைக்கு வரவே முடியாது. கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் கீழே இருக்கிறான். கம்ப்யூட்டர் மேலே இருக்கிறது. இந்த மாதிரி பேச்சு எந்த மலை ஆபீசிலும் நடக்கக்கூடியதுதான்:-

"தம்பி, பிரிண்டர் போட்டா பாஸ்வேர்டு கேக்குதுப்பா."

"அதை தொடாதீங்க சார். நாளான்னைக்கு வர்றேன்."

"நாளான்னைக்கா? சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும். இல்லேன்னா எனக்கு மெமோதான்."

"சரி சார், எழுதிக்குங்க. யாருக்கும் சொல்லிடாதீங்க."

எழுதிய துண்டுச்சீட்டு மானிட்டரில் ஒட்டப்படுகிறது. அடுத்த நாள் பக்கத்து சீட்காரருக்கு தெரியும். அடுத்த வாரம் டீ கொண்டு வரும் பையனுக்கும் தெரியும். அந்த ஆபீசில் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் எல்லா கதவும் திறந்த மாதிரிதான்.

பிரிண்டர் விஷயத்தில் கிளார்க் பேரில் தப்பே இல்லை. 2021 வரை, ஆபீஸ் சர்வரில் இருந்து பிரிண்டரை சேர்த்துக்கொள்ள பல இடங்களில் நிர்வாகி பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. அந்த வழியாக திருடர்கள் புகலாம் என்று அந்த வருஷம் தெரிந்தது. ஆகஸ்டு 10-ந் தேதி மைக்ரோசாப்ட் கம்பெனி அந்த வழியை அடைத்தது. உலகம் பூராவும் ஆபீஸ் பிரிண்டர்கள் திடீரென்று பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்த ரகசியம் இதுதான்!

தமிழும் அப்படியே. தமிழ்99 விசைப்பலகை 1999-லேயே அறிவிக்கப்பட்டது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இருந்தும் பழைய கோப்பு திறக்க வானவில் எழுத்து வேண்டும். டைப் அடிக்க என்.எச்.எம். ரைட்டரோ, அழகியோ போட்டுப் பழகிய கை வேறு எதற்கும் வணங்காது. புது கம்ப்யூட்டர் வந்த அன்றே இதையெல்லாம் போட்டுவிட்டு பூட்டினால் பிரச்சினை இல்லை. பூட்டிவிட்டு போய்விட்டால், தமிழ்நாட்டு ஆபீசில் தமிழுக்கே அனுமதி இல்லை என்று ஆகிறது. புதிய விண்டோசில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது என்பது பாதி ஆறுதல்.

திரையில் பின்னால் தெரியும் படத்தைக்கூட மாற்றக்கூடாது என்று பூட்டும் ஆபீஸ்களும் உண்டு. பிள்ளை போட்டோவை வைத்தால் எந்த பாங்கி கொள்ளை போகும்? இது அதிகப்படி. தேவை இல்லாத பத்து பூட்டு போட்டால், தேவையான ஒரு பூட்டையும் சேர்த்து உடைக்கத்தான் ஜனங்கள் வழி பார்ப்பார்கள்.

மாறும் சாவி

மலை ஆபீசுக்கு ஏற்ற வழி இல்லாமல் இல்லை. 'லாப்ஸ்' என்று ஒரு ஏற்பாடு. மைக்ரோசாப்ட் 2015-ல் கொடுத்தது. 2023 ஏப்ரல் முதல் விண்டோசுக்குள்ளேயே சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி நிர்வாகி பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரே அதை உண்டாக்கி சர்வரில் எழுதி வைக்கும். திண்டுக்கல் தம்பி அதை பார்த்து, அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும், அந்த ஒரு வேலைக்கு டெலிபோனில் சொல்லலாம். பயன்படுத்திய சில மணி நேரத்தில் அது தானாக மாறிவிடும்படி வைக்கலாம். துண்டுச்சீட்டில் இருப்பது செல்லாத நோட்டு ஆகிவிடும்!

தூரத்தில் இருந்தே திரையை பார்த்து சரிசெய்யும் வழியும் உண்டு. ஆனால் அதில்தான் இப்போதைய மோசடிக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். "பாங்கியில் இருந்து பேசுறோம், இந்த சாப்ட்வேரை போடுங்க" என்று சொல்லி கம்ப்யூட்டரையும் செல்போனையும் கைப்பற்றுகிறார்கள். 'எனிடெஸ்க்' என்ற சாப்ட்வேர் பெயரை சொல்லியே ரிசர்வ் பாங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. அழைத்தது யார் என்று பார்த்தால் போதும். ஆபீஸ்காரர் தம்பியை கூப்பிட்டால் அது ரிப்பேர். தெரியாதவன் தானாக கூப்பிட்டால் அது வலை.

ரிசப்ஷன் கம்ப்யூட்டர்

சர்வர், விதி எல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று லாட்ஜுக்காரரும் கடைக்காரரும் நினைக்கக்கூடாது.

கொடைக்கானல் லாட்ஜுகளில் வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் அனுப்பவேண்டும். பாஸ்போர்ட்டு, விசா விவரம் எல்லாம் அந்த ரிசப்ஷன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். அதே கம்ப்யூட்டரில்தான் ரூம் கணக்கு. பாங்கி கணக்கும் அதில்தான். அப்போது ஒரு விருந்தாளி வருவார். "சார், பஸ் டிக்கெட் ஒண்ணு பிரிண்ட் எடுக்கணும்" என்று பென் டிரைவை நீட்டுவார். முகம் பார்த்து மறுக்க முடியாது. செருகுவார்கள். அவருடைய பென் டிரைவ் எந்தெந்த ஊர் பிரவுசிங் சென்டரில் படுத்து எழுந்து வந்ததோ!

இதற்கு சர்வர் வேண்டாம். செலவும் இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பெயர் உண்டாக்கலாம். ஒன்று நிர்வாகி. அதன் பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும். இன்னொன்று சாதா ஆள். தினசரி வேலை எல்லாம் அதில். முதலாளியும் தினசரி வேலைக்கு சாதா ஆளாகத்தான் நுழையவேண்டும், அதுதான் முக்கியம். விருந்தாளி டிக்கெட்டை லாட்ஜு இ-மெயிலுக்கு அனுப்பச் சொல்லி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம். பென் டிரைவ் வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப சட்டத்தில் 43, 66 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரிலோ நெட்வொர்க்கிலோ நுழைந்து, கெட்ட நோக்கத்தோடு கை வைத்தால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. 2022 ஏப்ரல் 28-ந் தேதி செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவேண்டும். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவை 180 நாள் வைத்திருக்கவேண்டும். எல்லா கம்ப்யூட்டரிலும் மணி ஒன்றாக ஓடவேண்டும்.

மணி விஷயம்

அந்த மணியில்தான் மலை ஆபீஸ்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன.

தேதியை பின்னால் தள்ளி பழைய தேதியில் கணக்கு எழுதும் வித்தை சில இடங்களில் உண்டு. அதனால்தான் தேதி செட்டிங்கை முதலில் பூட்டுகிறார்கள். சர்வர் உள்ள ஆபீசில் கம்ப்யூட்டர் மணிக்கும் சர்வர் மணிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வர் "நீ யார்?" என்று கேட்டு வெளியே நிறுத்திவிடும். சர்வர் இல்லாத இடத்தில் தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி திறக்க மறுக்கும்.

தேதியை யாருமே தொடாமல் அது எப்படி மாறும்? கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் சி.ஆர்.2032 என்று ஒரு சின்ன பாட்டரி இருக்கிறது. கரண்டு இல்லாதபோது மணியை ஓட்டுவது அதுதான். சில வருஷத்தில் அது தீர்ந்துவிடும். காற்றுக்கும் மழைக்கும் கரண்டு போய் வரும் ஊரில், பாட்டரி செத்த கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை எழும்போதும் பத்து வருஷத்துக்கு முந்தைய தேதியை காட்டும். கிளார்க் பாஸ்வேர்டு கேட்டு திண்டுக்கல்லுக்கு போன் மேல் போன் போடுவார். தம்பி தேதியை திருத்துவார். அடுத்த கரண்டு கட்டில் மறுபடியும் அதே கதை.

அந்த பாட்டரி வாட்சு ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும். மூடியை கழற்றி மாற்ற பாஸ்வேர்டு வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும். அதற்கு பிறகு ஒரே ஒரு தடவை தம்பி தேதியை திருத்திக் கொடுத்தால் வேலை முடிந்தது.